உலை இல்லாத ஒரு மணி நேரம்

அந்தப் பேச்சு பல்லக்காவுக்கு இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. பள்ளி திறந்த முதல் வாரம் அது. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது மகள் பெற்றோர் விவரப் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வயசு?"

"முப்பத்தொன்பது."

"தொழில்?"

"செயற்கைப் பல் செய்யறதுன்னு எழுது."

"பொழுதுபோக்கு?"

"அதெல்லாம் அவங்களுக்கு எதுக்காம்?"

"தெரியலை. கட்டம் இருக்கு, கேக்கறேன். அப்பாவோடதுல 'ரேடியோ கேட்டுக்கிட்டே தூங்குவது'ன்னு போட்டாச்சு."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "ஏய், வெறுமனே ரேடியோன்னு போடு!"

"நீங்க எங்கப்பா ரேடியோ கேக்கறீங்க? அதுதான் உங்க குறட்டையைக் கேக்குது."

பல்லக்கா சிரித்துவிட்டாள். சிரித்த வாக்கிலேயே, பெரிதாக யோசிக்காமல், "எனக்கு ஓவியம்னு எழுதிக்கோ" என்றாள்.

பேனா நகரவில்லை.

"நீ வரைஞ்சு நான் பார்த்ததே இல்லையே."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி வரைவேன்."

"கேள்வி 'பொழுதுபோக்கு என்ன'ன்னுதான் இருக்கும்மா. 'என்னவா இருந்தது'ன்னு இல்ல."

"சரி, அப்ப நீ என்னதான் எழுதுவே?"

"'இல்லை'ன்னு போட்டுடட்டுமா?"

பல்லக்கா குழாயை மூடினாள். கையில் நுரையோடு திரும்பி, மகள் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். அதன் முனை கட்டத்துக்கு மேலே, தொட்டும் தொடாமலும் நின்றது.

"போடாதே. காலியா விடு."

"காலியா விட்டா மிஸ் கேப்பாங்க."

"அடுத்த வருஷம் எழுதித் தர்றேன்னு அம்மா சொன்னாங்கன்னு சொல்லு."

"அடுத்த வருஷம் நிஜமாவே இருந்தாத்தான் எழுதுவேன். முழுசா முடிச்ச படம் ஒண்ணு நான் பார்க்கணும்."

"பார்ப்பே."

அவ்வளவுதான் பேச்சு. மகளுக்கு அவள் அப்பா வைத்திருந்த பெயர் நீதிபதி. பக்கத்து வீட்டுப் பூனைக்கும் எதிர்வீட்டு நாய்க்கும் சண்டை என்றால்கூட இரண்டு தரப்பையும் விசாரித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வாள். அவளிடம் வாய்ச்சொல்லை வைத்து ஒரு கட்டத்தை நிரப்ப முடியாது.

பல்லக்காவுக்கு அந்தப் பெயர் தெரு வைத்தது. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. கட்டிய பல் உறுத்துகிறது, ஆடுகிறது, பேசும்போது விசிலடிக்கிறது என்று யாருக்கு என்ன வந்தாலும் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் பல்லக்கா என்றே கூப்பிடுவார்கள். "இந்தத் தெருவே பல்லைக் காட்டுதுன்னா அது என் பொண்டாட்டி புண்ணியம்" என்பார் அவள் கணவர். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இவர்கள் மூன்று பேரோடு ஆறு வயது மகன் ஒருவன். அவனை எல்லோரும் வாலு என்பார்கள். காரணம் கேட்க வேண்டாம்.

மறுநாளே அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். உள்ளே பட்டன்கள், தீர்ந்த பேட்டரிகள், எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி. எல்லாவற்றுக்கும் அடியில் பன்னிரண்டு நீர்வண்ணக் குழாய்கள். அழுத்திப் பார்த்தாள். கல்.

அவை கல்லான கதையில் பெரிய சோகம் எதுவும் இல்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் தூரிகையைப் பிடுங்கவில்லை. பிரசவம் முடியட்டும், குழந்தை நடக்கட்டும், பள்ளிக்குப் போகட்டும், அடுத்தவன் பிறக்கட்டும், அவனும் நடக்கட்டும் என்று 'ஆகட்டும்' போட்டே பதினான்கு வருடத்தை ஓட்டியவள் அவளேதான்.

தூக்கி எறிய மனம் வரவில்லை. வேலையில் பயன்படுத்தும் கூரிய கத்தியால் குழாய்களைக் கீறி, உள்ளிருந்த கட்டிகளை ஐஸ் தட்டின் குழிகளில் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். மறுநாள் விரலால் தொட்டபோது நீலம் ஒட்டிக்கொண்டது. அன்று மாலை கணவர் குளிர்பதனப் பெட்டிக்கும் மேஜைக்கும் நடையாய் நடந்தார். "ஐஸ் தட்டு எங்கம்மா? ஓ, இதுவா? இன்னிக்கு என்ன, நீல ஐஸா?"

சாப்பாட்டின்போது அவள் அறிவித்தாள். "நாளையிலிருந்து காலைல அஞ்சரைக்கும் ஆறரைக்கும் நடுவுல நான் வீட்டுல இல்ல."

"எங்க போறே?" என்றார் கணவர்.

"எங்கயும் போகலை. இந்த மேஜையிலதான் இருப்பேன். ஆனா இல்ல."

"கண்ணுக்குத் தெரிவியா?" என்றான் வாலு, ஆசையோடு.

"தெரிவேன்."

"தண்ணி கேக்கலாமா?"

"கூடாது. குழாய் இருக்கு."

"வீடு தீப்பிடிச்சா?" என்றார் கணவர்.

"தீயணைப்புக்காரங்க நம்பர் உங்ககிட்டதானே இருக்கு? கூப்பிடுங்க."

அவர் நீதிபதியைப் பார்த்தார். மேல்முறையீட்டுக்கு வழியில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. மறுநாள் முதல் ரொட்டி வாட்டுவதும் முட்டை அவிப்பதும் அவர் தலையில் விழுந்தன.

முதல் வாரம் தூங்கிக்கொண்டிருந்த வாலுவின் முகத்தை வரைந்தாள். கை மறந்திருக்குமோ என்று பயந்தவளுக்குக் கை மறக்கவில்லை. பல்லின் மேல் பீங்கான் மாவைப் பூசுவதும் மெல்லிய தூரிகையால்தான். பதினோரு வருடமும் அவள் விரல்களுக்கிடையில் ஒரு தூரிகை இருந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் படத்தில் பிள்ளையின் தலை பூசணிக்காயாக வீங்கி, முகவாய் தாளுக்கு வெளியே போயிருந்தது.

கணவர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "சுத்தமா உங்க வீட்டுத் தலை. அப்படியே என் மச்சான்."

அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். மறுபடியும் மச்சான். சரி, முகம் வேண்டாம் என்று நாற்காலியை வரைந்தாள். அதன் இரண்டு கால்கள் தாளைத் தாண்டிப் போய் நின்றன. டம்ளரை வரைந்தால் அது வாளியானது. வாலுவின் ஒற்றைச் செருப்பு தாள் முழுவதையும் அடைத்துக்கொண்டது. மூன்று வாரம் இதே கதை.

நீதிபதி ஒவ்வொன்றையும் வந்து பார்ப்பாள். கேட்பது ஒரே கேள்விதான். "இது முடிஞ்ச படமா?"

"இல்ல."

"சரி" என்று போய்விடுவாள். அந்தச் 'சரி'தான் மச்சான் கேலியைவிட அதிகமாக உறுத்தியது.

காரணம் தெரிந்தது வேலை செய்யும் இடத்தில். ஒரு கடைவாய்ப் பல்லுக்கு மாவு பூசிக்கொண்டிருந்தாள். பீங்கான் மாவு உலைக்குள் போய் வெந்து வரும்போது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதனால் எந்தப் பல்லையும் தேவையான அளவைவிடப் பெரிதாகத்தான் கட்ட வேண்டும். இது அந்த வேலைக்கு வரும் எவருக்கும் முதல் மாதத்துப் பாடம். அதற்குப் பிறகு யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. கை தானாகவே கூட்டிக்கொள்ளும். அன்று அவளுடைய கை, அளவுக்கு மேல் ஒரு பூச்சுப் பூசியதை அவள் கண்ணால் பார்த்தாள். பார்த்தவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

எதிர் மேஜைக்காரி நிமிர்ந்தாள். "என்னக்கா ஆச்சு? தனியா சிரிக்கறீங்க?"

"மூணு வாரமா என் பையன் தலையை உலைக்கு வரைஞ்சிருக்கேன்டி."

"என்னது!"

"சுருங்கும்னு நெனைச்சுக் கை பெரிசா போட்டுக்கிட்டே இருந்திருக்கு. பேப்பரை யாரு உலையில வைக்கப் போறா?"

எதிர் மேஜைக்காரிக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும், "அக்கா, நீங்க என்னை வரையாதீங்க. ஏற்கெனவே குண்டு" என்றாள்.

நோய் தெரிந்துவிட்டது, மருந்துக்குத்தான் நாள் பிடித்தது. தொடங்கும் முன் தாளில் நான்கு புள்ளிகள் வைப்பாள். பொருள் அந்த நான்குக்குள் அடங்க வேண்டும். தூரிகையால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டி, "உலை இல்ல" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். அதைக் கேட்டுவிட்ட வாலு, தெருவில் பந்து விளையாடும்போதும் இரண்டு தட்டுத் தட்டி "உலை இல்ல, உலை இல்ல" என்று கத்தியபடிதான் உதைத்தான். பந்து எப்படியும் அடுத்த வீட்டுக்குள்தான் போனது.

இதற்கிடையில் கணவருக்கும் ஓர் ஆர்வம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கச் சுவரில் துளை போடும் சத்தம். மாலையில் ஜன்னலோரம் ஒரு மடக்குப் பலகை முளைத்திருந்தது. அதன் மேல் நீர்மட்டக் கருவியை வைத்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு, குமிழி நட்டநடுவுல நிக்குது. முடியளவு ஏறாது, இறங்காது. நீ ஏறி நின்னாலும் தாங்கும்."

அவள் பலகையை ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்தாள். மறுநாள் காலை தாளை ஓர் அட்டையில் ஒட்டி, பலகையின் மேல் வைத்து வானம் பூசினாள். நீர்வண்ணத்துக்குச் சரிவு வேண்டும். மேலே வைத்த நிறம் மெல்லக் கீழே வடிய வேண்டும். மட்டமான பலகையில் வடிய இடமில்லாமல் வானம் குளமாகத் தேங்கி நின்றது. சத்தமில்லாமல் வாலுவின் அழிப்பான்கள் இரண்டை எடுத்துத் தாள் அட்டைக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள்.

சத்தமில்லாமல் செய்தால் மட்டும் போதுமா? பதினைந்து வருடமாகச் சாய்ந்த எதைப் பார்த்தாலும் கை அரிக்கும் மனிதர் அவர்.

"என்னது இது? நான் மட்டம் பார்த்து வெச்சதுக்கு நீ முட்டுக் குடுத்திருக்கே!"

"தண்ணி கீழ இறங்கணுங்க."

"லிஃப்ட் இறங்கும். பலகை எதுக்கு இறங்கணும்?"

"பலகை இறங்க வேண்டாம். வானம் இறங்கணும்."

"வானமே இறங்கணுமா? நல்லா இருக்கே" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒரு கீலையும் திருகாணியையும் கொண்டு வந்து பலகையில் பொருத்தினார். "எத்தனை சாய்க்கணுமோ நீயே திருகிக்கோ. என்னைப் பார்க்கச் சொல்லாதே" என்றார். இன்றும் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் அவருடைய தலை தானாகவே ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு பெருமூச்சு வரும்.

கை ஒரு வழியாகத் தாளுக்குப் பழகியது. பழகிய கை வேலையிடத்தில் ஏமாற்றிவிட்டது. ஒரு முன்பல்லை உள்ளது உள்ளபடி, மிகச் சரியான அளவில் கட்டி உலையில் வைத்தாள். வெளியே வந்தது பால்பல் மாதிரி இருந்தது.

முதலாளி அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "யாருக்கும்மா இது? எலிக்கா?"

"தப்பு என்னோடதுதான் சார். கை மாறிடுச்சு."

"நாளைக்குக் காலைல வாயில மாட்டணும். ஆறு மணிக்கு வந்து மறுபடி செஞ்சு குடுத்துடுங்க."

தன் தவறு, போனாள். அந்தப் பல் சரியாக வந்தது. மறுநாளும் அவசரமாக ஏதோ வந்திருந்தது. "நேத்து மாதிரி இன்னிக்கும் வந்தீங்கன்னா..." என்றார் முதலாளி. அதற்கு மறுநாளும். இப்படி ஒன்பது நாள். ஒட்டகம் கூடாரத்துக்குள் தலையை நுழைத்த கதைதான். ஒன்பதாம் நாள் வீடு திரும்பியபோது, ஜன்னலோரத்துக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகியிருந்தது. தூரிகையின் முடி அடிப்பக்கமாக வளைந்து கிடந்தது.

நீதிபதி சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். குவளையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி கணக்குக்குள் போய்விட்டாள். கேட்டிருந்தாலாவது பல்லக்கா ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பாள். கேட்காத கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

மறுநாள் முதலாளி வாயைத் திறக்கும் முன்பே அவள் முந்திக்கொண்டாள்.

"சார், நாளையிலிருந்து ஆறு மணிக்கு வர முடியாது. எப்பவும் போல எட்டரைக்கு வர்றேன்."

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. பையனுக்கு உடம்பு சரியில்லை என்றால் போதும்; யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அதை விழுங்கினாள்.

"பிரச்சினை எதுவும் இல்ல. அந்த நேரத்துல எனக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"படம் வரையறேன்."

எதிர் மேஜைக்காரி தூரிகையை அந்தரத்தில் நிறுத்தியிருந்தாள்.

"படமா? எங்க விக்கறீங்க?"

"விக்கலை."

"போட்டி எதுக்காவது அனுப்பறீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப எதுக்கும்மா?"

"எதுக்கும் இல்ல. அதான் விட முடியலை."

முதலாளி தலையைச் சொறிந்தார். பதினோரு வருடத்தில் அவள் 'முடியாது' என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அதற்கு என்ன செய்வதென்று அவருக்குப் பழக்கமுமில்லை. "சரி, எட்டரை எட்டரையாவே இருக்கட்டும். ஆனா இனிமே எலிப் பல்லு வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எலிப் பல் அதற்குப் பிறகு வரவில்லை. அன்றிலிருந்து கூடத்தில் உட்கார்ந்ததும் அவள் மேஜையை ஒரு தட்டுத் தட்டி "உலை இருக்கு" என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினாள். வீட்டுக்கு இரண்டு தட்டு, இங்கே ஒன்று. இதைப் பார்த்த எதிர் மேஜைக்காரி, "அக்காவுக்குச் சாமி வருது" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

மழை போனது, வெயில் வந்தது. வாலுவுக்கு முன்பல் இரண்டு விழுந்தன. கட்டிக் கொடுக்கச் சொல்லி அவன் அழுதான். பலகைக்கு அடியில் தாள்கள் சேர்ந்தன. தலைகள் தாளுக்குள் நின்றன, நாற்காலிக்கு நான்கு கால்களும் இருந்தன. ஆனாலும் ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் இடத்தில் கை தயங்கிப் பாதியில் விட்டிருந்தது. ஆறரை ஆகிவிட்டது என்பாள், நிறம் காயவில்லை என்பாள். "முடிஞ்சதா?" என்ற கேள்விக்கு மட்டும் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. நாற்பத்திரண்டு படங்கள், நாற்பத்திரண்டு 'இல்ல'.

பள்ளி மறுபடி திறந்தது. புதிய வருடத்துப் படிவமும் வந்தது. அதை நீதிபதி எந்தப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள் என்பது பல்லக்காவுக்குத் தெரியும். அவளும் எடுக்கவில்லை, இவளும் கேட்கவில்லை.

அந்தப் படிவம், கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மாவின் பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் மகளின் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலக் கறை. ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு பேனாவைப் பிடித்திருக்கும் கை வரையப்பட்ட தாள் ஒன்று இப்போது அந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதை மாட்டிய கணவர், நீர்மட்டக் கருவி வைத்துத்தான் மாட்டினார்.

அந்த வார்த்தை எழுதப்படுவதற்கு முன்னால் நடந்தது இது. காலை ஆறு மணி. பல்லக்கா நான்கு புள்ளிகள் வைத்து ஒரு கெட்டிலை வரைந்துகொண்டிருந்தாள். ஒரு வருடமாக யாரும் மீறாத விதியை மீறி நீதிபதி வந்து நின்றாள். தலை வாரவில்லை. ஒரு கையில் படிவம், மறு கையில் பேனா.

"அம்மா, நீ இல்லைன்னு தெரியும். ஆனா இன்னிக்குக் கடைசி நாள்."

"சொல்லு."

"எல்லாம் நிரப்பிட்டேன். உன்னோட அந்தக் கட்டம் மட்டும் பாக்கி. என்ன எழுதட்டும்?"

ஜன்னல் விளிம்பில் படிவத்தை வைத்து அதன் மேல் குனிந்தாள். விடியல் அவள் மணிக்கட்டில் விழுந்தது. பேனா முனை கட்டத்துக்கு மேலே, தொட்டும் தொடாமலும் நின்றது.

பல்லக்கா கெட்டில் படத்தைக் கழற்றிக் கீழே வைத்தாள். புதிய தாளை ஒட்டினாள். புள்ளி வைக்கவில்லை. பலகையைத் தட்டவும் மறந்துவிட்டாள். அந்த வீட்டில் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள், அன்று மகளிடம் கேட்டாள்.

"இன்னும் எழுதிடாதே. கையை எடுக்காம அப்படியே நில்லு. இதை முடிச்சிடறேன்."